கை முறிஞ்சவங்களுக்குக் கலைச்சொல் எதுக்குங்க?

இந்தப் பதிவைப் போட்டதும் ரெண்டு மூணு நண்பர்கள் என்னோட டூ விட்டுருவாங்கன்னு தெரியும். பரவாயில்ல. நாலு நாளா உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கு, கொட்டிடறேன்.

மேட்டர் இதுதான். தமிழ் விக்கிப்பீடியாவுக்காக மேற்கை எலும்பு முறிவு பத்தி விரிவா ஒரு கட்டுரை எழுதலாம்னு உட்கார்ந்தேன். மேற்கை எலும்புன்னா தோள்பட்டையில ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் இருக்கிற ஒத்தை எலும்பு. வரைவை எழுதி, நம்ம பதிவுலக நண்பர்கள் நாலு பேருக்கு மடல்ல அனுப்பி, 'படிச்சுப் பாத்துக் கருத்து சொல்லுங்கப்பா'ன்னு கேட்டேன். நாலு பேரும் மெனக்கெட்டுப் பதில் போட்டாங்க. அந்த நாலையும் படிச்சதோட விளைவுதான் இது.

'கதை கவிதைன்னு கிறுக்கிக்கிட்டு இருந்தவனுக்கு எலும்பு முறிவு மேல என்னடா திடீர்ப் பாசம்?'னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. காரணம் என் பெரியம்மா.

போன மார்கழி. திண்டுக்கல் நாகல்நகர்ல பெரியம்மா வீடு. விடியக்காலையில வாசல் தெளிச்சுட்டுக் கோலம் போடப் போனவங்க, ஈரப்படியில வழுக்கிப் பக்கவாட்டுல விழுந்துட்டாங்க. வயசு 68. தம்பி (பெரியம்மா மகன்) உடனே ஊருக்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். எக்ஸ்ரே எடுத்தாங்க. தோளுக்குக் கொஞ்சம் கீழ முறிஞ்சிருக்கு, ஆனா எலும்பு பெருசா விலகல. 'ஆபரேஷன் வேண்டாம், தொட்டில் போட்டுக்கங்க, பத்து நாள் கழிச்சு வாங்க'. அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்துல அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

தம்பி எனக்குப் போன் போட்டான். "என்னண்ணே இது, எலும்பு ஒடிஞ்சிருக்குங்குறாய்ங்க, ஒரு மாவுக்கட்டு கூடப் போடாம கழுத்துல துணியை மாட்டி அனுப்பிட்டாய்ங்க. நம்மளைப் பாத்தா இளக்காரமாத் தெரியுதா?"

எனக்கும் பதில் தெரியல. செல்லை எடுத்துத் தமிழ்ல தேடினேன். 'கை எலும்பு முறிவு எத்தனை நாளில் கூடும்'. அன்னிக்கு எனக்குக் கிடைச்சதெல்லாம் வீடியோ. எண்ணெய் தேய்ச்சு உருவுறது, கட்டுப் போடுறது, 'ஒரே மண்டலத்துல கூடிடும்'னு சத்தியம் பண்றது. மாவுக்கட்டு போடாம வெறும் தொட்டில்ல விடுறது ஏன்னு சொல்ற நாலு வரி தமிழ்ல என் கண்ணுல படல.

மூணாவது நாள்தான் விபரீதம். பெரியம்மாவுக்குத் தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் கருநீலமாப் பரவிடுச்சு. மார்புப் பக்கமும் இறங்கிடுச்சு. பக்கத்து வீட்டம்மா வந்து பாத்துட்டு, "அய்யய்யோ, ரத்தம் கெட்டுப்போச்சு"ன்னுட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலமே காரைப் பிடிச்சு ஒரு கட்டுக்காரர்கிட்ட போயிட்டாங்க. முட்டை வெள்ளைக்கரு, உளுந்த மாவு, துணி, மூங்கில் தப்பை. இறுக்கமா ஒரு கட்டு. ராத்திரி விரல் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, வளையலை வெட்டித்தான் எடுத்தாங்க. மரத்துப்போச்சுன்னு பெரியம்மா அழுதிருக்காங்க. விடிஞ்சதும் ஓடிப் போய்த் தளர்த்திட்டு வந்தாங்க. அப்புறம் 48 நாள் கையை அசைக்கவே கூடாதுன்னு உத்தரவு.

எலும்பு கூடிடுச்சு. அதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்ல. ஆனா தோள் இறுகிப்போச்சு. கை காதுக்கு மேல போகாது. அன்னியிலேர்ந்து பெரியம்மாவுக்கு மருமகதான் கொண்டை போட்டு விடுது. 68 வயசு வரைக்கும் யார் கையையும் எதிர்பாக்காத மனுஷி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த மூணாவது நாள் சாயங்காலம் தம்பி கையில இருந்த செல்லுல, தமிழ்ல, இந்த நாலு விஷயம் இருந்திருந்தாப் போதும்.

ஒண்ணு: தோள்பக்க முறிவு பலதுக்குத் தொட்டில்தான் வைத்தியம். வைத்தியம் பண்ணாம விட்டதா அர்த்தம் இல்ல.

ரெண்டு: முறிஞ்ச இடத்துல கசிஞ்ச ரத்தம் புவியீர்ப்புல கீழ இறங்கும். ரெண்டு மூணு நாள்ல முழங்கை வரைக்கும், மார்புப் பக்கம் வரைக்கும் கருநீலம் பரவுறது சாதாரணம்.

மூணு: கட்டுக்கு அப்புறம் விரல் வீங்கினா, வெளுத்தா, மரத்தா, விரலை நீட்டும்போது உயிர் போற மாதிரி வலிச்சா, அது அவசரம். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

நாலு: வயசானவங்க தோளை ரொம்ப நாள் அசைக்காம வச்சா இறுகிடும். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல்லேர்ந்தே அசைக்கணும். தோளை எப்ப அசைக்க ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்வார். பெரும்பாலும் சில வாரங்களுக்குள்ளயே.

இதுல ஒண்ணுகூடப் பரம ரகசியம் இல்ல. எலும்பு மருத்துவம் படிக்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். ஆனா தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச நாகல்நகர் குடும்பத்துக்குத் தெரியாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் நான் உட்கார்ந்தேன். நண்பர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா?

முதல் பதில்: "மேற்கை எலும்பா, புயவெலும்பா?"

நண்பர் நல்ல தமிழறிவு உள்ளவர். மூணு பக்கம் எழுதியிருக்கார். 'எலும்பு'ன்னு எழுதலாமா 'என்பு'ன்னு எழுதணுமா, 'மேற்கை'ன்னா கையோட மேற்பகுதியா மேல்பக்கமா, 'புயம்' வடசொல்லா இல்லையா, 'முறிவு' சரியா 'ஒடிவு' சரியா. கட்டுரையில உள்ள விஷயத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. நாலாவது பத்தியில ஒரு எண்ணை வேணும்னே தப்பாப் போட்டிருந்தேன், யாராச்சும் பாக்குறாங்களான்னு. அதையும் பாக்கல :-(

கலைச்சொல் வேண்டாம்னு நான் சொல்லல சாமி. சொல்லாக்கினவங்களோட உழைப்பு எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு 1847ல வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாய்ல பசங்களுக்குத் தமிழ்லயே மேல்நாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். உடற்கூற்றியலைத் தமிழ்ப்படுத்தினார். 1867ல 'இரண வைத்தியம்'னு அறுவை மருத்துவ நூல் ஒண்ணைத் தமிழ்ல கொண்டு வந்தார். கலைச்சொல் இல்லாத காலம். இருந்த சொல்லை எடுத்தார், இல்லாததை உருவாக்கினார், புரியாததை விளக்கினார், வேலையை முடிச்சார். சொல்லு அவருக்கு வண்டிதான். வண்டிக்கு என்ன பெயிண்ட் அடிக்கிறதுன்னு பேசிக்கிட்டே நோயாளியைத் தெருவுல படுக்க வைக்கல.

கை முறிஞ்சவர் வீட்டுல என்ன சொல்லு புழங்குது? 'எலும்பு விட்டுப்போச்சு', 'கீறல் விட்டிருக்கு', 'பிசகிடுச்சு', 'நழுவிடுச்சு', 'மாவுக்கட்டு', 'தொட்டில்', 'கம்பி வச்சாங்க', 'பிளேட் வச்சாங்க', 'கூடிடுச்சு'. இந்தச் சொல்லெல்லாம் கட்டுரைக்குள்ள இருக்கணும். தலைப்பு எதுவா வேணா இருக்கட்டும், மத்த பேருக்கெல்லாம் வழிமாற்று போட்டாத் தீர்ந்துச்சு. வழிமாற்றுக்கு அரை நிமிஷம் ஆகும். நண்பரோட மூணு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ.

இன்னொரு முக்கியமான விஷயம். 'கீறல் விட்டிருக்கு, முறியல'ன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. கீறலும் முறிவுதான்னு ஒரு வரி எழுதினா எவ்வளவு பேருக்கு உதவும்! 'என்பு முறிவு'ன்னு மட்டும் எழுதினா அந்த வரியை எழுதவே தோணாது. மக்கள் சொல்லைத் தள்ளி வச்சா, மக்கள் குழப்பமும் நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

ரெண்டாவது பதில்: "ஆங்கிலத்துல இருக்கே, அப்படியே மொழிபெயர்த்துடு"

இது நல்லெண்ணத்துல சொன்ன ஆலோசனை. ஆனா ஏற்கெனவே பட்ட அனுபவம் நமக்கு இருக்கு. 2009ல கூகுள் தன்னோட மொழிபெயர்ப்புக் கருவியை வச்சு, ஆள் போட்டு, ஆங்கில விக்கிக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏத்துச்சு. நீள நீளமான கட்டுரைகள். படிச்சா எழுத்துதான் தமிழ். இயந்திரத்தனமான நடை, எங்க பாத்தாலும் சிவப்பு இணைப்பு. 2010ல போலந்து நாட்டு கதான்ஸ்க் நகர்ல நடந்த விக்கிமேனியாவுல, தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்தத் திட்டத்தோட குறைகளை ஒரு ஆய்வுரையாவே வச்சார். அளவு கூடினா அறிவு கூடிடாதுன்னு அப்பவே நம்ம ஆளுங்க உலகத்துக்குச் சொன்ன விஷயம் அது. பதினஞ்சு வருஷத்துக்கும் மேல ஆச்சு, இன்னும் 'அப்படியே மொழிபெயர்த்துடு'ங்குறாங்க. இப்பக் கருவி இன்னும் நல்லா எழுதுது, அதனால தப்பு இன்னும் அழகா ஒளிஞ்சுக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மொழிபெயர்ப்புல எழுத்துப்பிழை கூட இல்லன்னு வச்சுக்குவோம். அப்பவும் அது பத்தாது. ஏன்னா மேல்நாட்டு வாசகருக்கு வர்ற கேள்வி வேற, நமக்கு வர்ற கேள்வி வேற. அங்க கை முறிஞ்சவர் கட்டுக்காரர்கிட்ட போலாமான்னு யோசிக்க மாட்டார். உளுந்தமாவுக் கட்டு பத்தி அவருக்கு ஒரு வரியும் தேவையில்ல. நமக்கு அதுதான் முதல் கேள்வி. ஆந்திராவுல புத்தூர்க் கட்டு தெரியாத தமிழன் உண்டா? சென்னையில இருந்தே வண்டி கட்டிக்கிட்டுப் போன குடும்பங்கள் எத்தனை!

அதே மாதிரி யாருக்கு எப்படி முறியுதுங்கிறதும் ஊருக்கு ஊர் மாறும். பனியில வழுக்கி விழுறது அவங்க ஊர்க் கதை. நம்ம ஊர்ல ஈரப்படி, வத்தலக்குண்டு ரோட்டுல பைக், ஆயக்குடிப் பக்கம் கொய்யா மரத்துல ஏறுற பொடிசுங்க, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டையோட சறுக்குற சுமைதூக்குறவங்க. கட்டுரையில உதாரணம் இங்க இருந்து வரணும். விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்கிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்சது. அதுக்கு ஒரு உள்ளிணைப்பு வேணாமா? ஆங்கிலக் கட்டுரையில அது எப்படி வரும்?

மூணாவது பதில்: "டாக்டர் எழுதட்டும், உனக்கு எதுக்கு வம்பு?"

நாலுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். தப்பா எழுதிட்டா யாருக்காச்சும் கை போயிடும். அந்தப் பயம் எனக்கும் உண்டு, இருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. திண்டுக்கல்லுக்கே 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. டாக்டர்கள் இருக்காங்க. அவங்களுக்கு வரிசையில நிக்கிற நோயாளியைப் பாக்கவே பொழுது பத்தல. அவங்க வந்து எழுதுற வரைக்கும் தமிழ்ல அந்தப் பக்கம் சும்மா இருக்கப் போறதில்ல. எண்ணெய் விக்கிற வீடியோ அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், பிடிச்சிருக்கு.

அப்புறம், கலைக்களஞ்சியக் கட்டுரைங்கிறது எழுதுறவனோட சொந்தக் கருத்து கிடையாது. சரிபாக்கக்கூடிய ஆய்வுல என்ன இருக்கோ அதைப் புரியுற மாதிரி எடுத்துச் சொல்றது. அதுக்குத் தேவை பொறுமையும் நேர்மையும். உதாரணம் காட்டவா?

'தொட்டில் போதும்'னு டாக்டர் சொன்னது சரியா? 2015ல பிரிட்டன்ல இருந்து புரோஃபெர்னு ஒரு ஆய்வு வந்துச்சு. விலகின தோள்பக்க முறிவு உள்ள 250 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குத் தொட்டிலும் பயிற்சியும். சராசரி வயசு 66, முக்கால்வாசிக்கும் மேல பெண்கள். அதாவது நம்ம பெரியம்மா மாதிரி ஆளுங்க. ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, கையோட பயன்பாட்டுல ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. விலகின முறிவுக்கே அந்தக் கதை. பெரியம்மாவுக்கு எலும்பு பெருசா விலகவே இல்ல. அப்ப அந்தத் துணித் தொட்டில் இளக்காரம் இல்ல, அதுதான் வைத்தியம். இதைத் தமிழ்ல எழுத நான் எம்பிபிஎஸ் படிக்கணுமா?

நடு எலும்பு முறிவுக்கு வாங்க. சார்மியெண்டோங்கிற மருத்துவர் 1977ல, மேற்கையைச் சுத்தி மாட்டுற பிரேஸ் ஒண்ணைப் பத்தி எழுதினார். தோளையும் முழங்கையையும் அசைச்சுக்கிட்டே எலும்பு கூட விடுற முறை. 2000ல அவர் வெளியிட்ட கணக்குல, தோல் கிழியாத முறிவுல கூடாமப் போனது 2 சதவீதத்துக்கும் கம்மி. ஆஹான்னு இதோட நிறுத்தினா அது விளம்பரம். 2020ல பின்லாந்துல 82 பேரை வச்சு ஆபரேஷனையும் பிரேஸையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷ முடிவுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா பிரேஸ் போட்டவங்கள்ல 30 சதவீதம் பேருக்குப் பின்னாடி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும். அப்பத்தான் படிக்கிறவர் டாக்டர்கிட்ட சரியான கேள்வி கேப்பார்.

எல்லாத்துக்கும் தொட்டில் போதும்னு எழுதிடக் கூடாதுங்கிறதும் இதே நேர்மைதான். எலும்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்தா, ரத்தக்குழாய் அடிபட்டா, முறிவோட மூட்டும் நழுவினா, கதை வேற. அங்க ஆபரேஷன் பேச்சு வரும்.

'விக்கி வைத்தியக் கையேடு இல்லையே, இதைச் செய் அதைச் செய்யாதேன்னு எழுதலாமா?'ன்னும் அதே மடல்ல ஒரு உள்குத்து. கரெக்ட், கையேடு இல்ல. 'உடனே ஓடுங்கள்'னு எழுத வேண்டாம். 'இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். விரல் மரத்துப்போதல் அதன் அறிகுறி'ன்னு எழுதலாமே. அது கட்டளை கிடையாது, தகவல். தகவலைச் சொல்ல எந்தக் கொள்கையும் தடை போடல.

நாலாவது பதில்: "நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்தாதே"

இதுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. ஏன்னா வரைவுல நான் யாரையும் கேவலப்படுத்தல. இறுக்கமான கட்டோட ஆபத்து பத்தி ஒரு பத்தி, அவ்வளவுதான். அது நம்ம பாரம்பரியத்து மேல தாக்குதலாம்!

அண்ணே, பாரம்பரியம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பாருங்க. சுசுருத சங்கிதையில எலும்பு முறிவுக்குத் தனியாவே அத்தியாயம் இருக்கு. தண்டெலும்பு முறிவுல 12 வகை, மூட்டு நழுவல்ல 6 வகைன்னு பிரிச்சிருக்கு. கட்டு தளர்வா இருந்தா மூட்டு நிலைக்காது, ரொம்ப இறுக்கினா வீக்கமும் வலியும் வந்து தோல் புண்ணாகும்னும் அதுலயே எச்சரிக்கை இருக்கு. அத்தனை நூற்றாண்டு முன்னாடி எழுதி வச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அதையே தமிழ்ல எழுதினா துரோகியா?

இறுக்கிக் கட்டுற தப்பு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமும் இல்ல. ஜெர்மனியில ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன்னு ஒரு அறுவை மருத்துவர். அவர் 1881ல எழுதின கட்டுரை இதைப் பத்தித்தான். இறுக்கமான கட்டால ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசை செத்து, கை நகம் பிறாண்டுற மாதிரி மடங்கி நிரந்தரமா நின்னு போறது. ஆஸ்பத்திரிக் கட்டுலயும் அது நடந்திருக்கு. இன்னிக்கும் அந்தக் குறைபாட்டுக்கு அவர் பேர்தான். முழங்கைக்குக் கொஞ்சம் மேல முறியுற சின்னப் பசங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கொய்யா மரத்துல இருந்து கையை ஊணி விழுற அஞ்சு வயசு, ஏழு வயசுப் பிள்ளைங்களுக்கு வர்ற முறிவு அதுதான். கட்டு போட்டவர் வேட்டி கட்டியிருந்தாலும் வெள்ளைக்கோட்டு போட்டிருந்தாலும் தசைக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தம் வரலன்னா சாகும்.

(ஒரு துணுக்கு: இந்த ஃபோல்க்மன் நம்ம கட்சி. ரிச்சர்ட் லியாண்டர்ங்கிற புனைபேர்ல கதை எழுதினவர். 1870-71ல பிரான்சோட நடந்த போர்ல, போர்முனையில இருந்துக்கிட்டே பிள்ளைங்களுக்காகத் தேவதைக் கதைகள் எழுதி அனுப்பினார். கதை எழுதுற கை மருத்துவக் கட்டுரை எழுதக்கூடாதுன்னு இனி யாரும் சொல்லாதீங்க :-))

கட்டுக்காரர்கிட்ட மக்கள் ஏன் போறாங்க? முட்டாள்தனத்தால இல்ல. அவர் தொட்டுப் பாக்குறார், பேசுறார், 'சரியாயிடும்மா'ங்குறார், காசு கம்மி. ஆஸ்பத்திரியில ரெண்டு நிமிஷம். இதையும் கட்டுரை மரியாதையோட பதிவு பண்ணணும். அதுக்குப் பக்கத்துலயே ஆபத்து அறிகுறியையும் எழுதணும். அந்த அறிகுறி தெரிஞ்சா கட்டுக்காரருக்கும் நல்லதுதானே? பெரியம்மாவுக்குக் கட்டுப் போட்டவர் கெட்டவர் இல்ல. விடிஞ்சதும் மறுபேச்சு இல்லாமத் தளர்த்திவிட்டார். 'ராத்திரியே வந்திருக்கணும்'னு எங்க வீட்டுலயும் யாருக்கும் தெரியல.

அப்ப கட்டுரை எப்படி இருக்கணும்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நானும் அஞ்சாவது பதிலாயிடுவேன். அதனால என் பட்டியல்:

1. முதல் பத்தி ஒரு எட்டாவது படிச்சவருக்குப் புரியணும். எந்த எலும்பு, யாருக்கு முறியும், எப்படித் தெரியும். ஆங்கிலப் பெயர் தமிழ் எழுத்துல ஒரு தடவை வந்தாப் போதும்.

2. மூணு இடம், மூணு கதை. தோள்பக்கம்: பெரும்பாலும் வயசான பெண்கள், எலும்புத் தேய்மானம், சாதாரணமா நின்ன உயரத்துல இருந்து விழுறது. நடுப்பகுதி: பைக், பலமான அடி. முழங்கைப் பக்கம்: சின்னப் பசங்க. இதைப் போட்டுட்டு அப்புறம் 1970ல நீர்ங்கிற மருத்துவர் வகுத்த வகைப்பாட்டைப் போடுங்க. வகைப்பாட்டுல ஆரம்பிச்சா ரெண்டாவது வரியில ஆள் ஓடிடுவார்.

3. நரம்பு பத்தி தனியா ஒரு பகுதி. எலும்போட நடுப்பகுதியை ஒட்டியே ஆரை நரம்பு சுத்திப் போகுது. அது அடிபட்டா மணிக்கட்டைத் தூக்க முடியாம கை தொங்கிடும். 4517 நடுமுறிவுகளைத் தொகுத்துப் பாத்த 2005ஆம் வருஷ ஆய்வுல 11.8 சதவீதம் பேருக்கு இப்படி ஆகியிருந்துச்சு. அதுல 88.1 சதவீதம் பேருக்குச் சரியாயிடுச்சு, நிறையப் பேருக்குத் தானாவே, ஆனா மாசக்கணக்குல. 'பக்கவாதம் வந்துடுச்சு'ன்னு அலறுற குடும்பத்துக்கு இந்த ரெண்டு எண்ணு எவ்வளவு பெரிய ஆறுதல்!

4. அடிபட்ட உடனே என்ன நடக்குதுன்னு ஒரு பகுதி. வீங்குறதுக்கு முன்னாடி வளையல், மோதிரம் கழட்டுறது, கையைத் துண்டால தொட்டில் கட்டித் தாங்குறது, இழுத்து உருவுறதால வர்ற கேடு.

5. கட்டு பத்தி. மாவுக்கட்டு, நாட்டுக்கட்டு, பிரேஸ், தொட்டில். எது எதுக்கு, ஒவ்வொண்ணோட ஆபத்தும் என்ன.

6. அப்புறம் வாழ்க்கை. எத்தனை வாரத்துல கூடும், தோள் பயிற்சி எதுக்கு, எலும்பு பலத்தைச் சோதிக்கிறது எதுக்கு. ஒரு தடவை லேசா விழுந்து முறிஞ்சவங்களுக்கு அடுத்த முறிவு இடுப்புல வரக்கூடும்.

7. ஒவ்வொரு எண்ணுக்கும் மேற்கோள். மேற்கோள் இல்லாத வரியை இரக்கம் பாக்காமத் தூக்குங்க. என்னோட வரியா இருந்தாலும்.

இதுல ஒரு ஆள் வேலை எவ்வளவு? எனக்குப் பத்து ராத்திரி ஆச்சு. நம்மள்ல எத்தனை பேர் இருக்கோம்? கதை எழுதுறவன் முதல் பத்தியை எழுது. ஓவியம் வரையுறவன் எலும்பையும் நரம்பையும் ஒரு படம் வரைஞ்சு கொடு. டாக்டர் யாராச்சும் இதைப் படிச்சா, கட்டுரை எழுத வேண்டாம் சார், தப்பை மட்டும் பேச்சுப் பக்கத்துல சொல்லுங்க, திருத்துறது எங்க பொறுப்பு. சொல்லாராய்ச்சி நண்பரே, உங்களுக்கும் வேலை இருக்கு. 'கீறல்', 'பிசகு', 'நழுவல்', 'முறிவு' இந்த நாலையும் மக்கள் எந்த எந்த அர்த்தத்துல சொல்றாங்கன்னு பிரிச்சு எழுதிக் கொடுங்க. அந்த அட்டவணைக்குக் கட்டுரையில இடம் காலியா வச்சிருக்கேன்.

நேத்து பெரியம்மாகிட்ட இந்தக் கட்டுரையைப் படிச்சுக் காட்டினேன். கருநீலம் பத்தின வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. "இதைத்தானடா அன்னிக்கு எல்லாரும் ரத்தம் கெட்டுப்போச்சுன்னாய்ங்க?"ன்னு கேட்டாங்க. ஆமா பெரியம்மான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, இனிமே விழப்போறவளுக்காவது ஆகட்டும். அந்த வரியைக் கொஞ்சம் மேல தூக்கிப் போடு"ன்னாங்க.

மேல தூக்கிப் போட்டுட்டேன். நாலு பதில்ல வராத ஒரே உருப்படியான திருத்தம் அதுதான்.

டிஸ்கி 1: அந்த நாலு நண்பர்களும் நல்லவங்க, வல்லவங்க. அடுத்த தடவை திண்டுக்கல் வந்தா பிரியாணி என் செலவு. ஆனா சாப்பிடும்போது 'புயவெலும்பு'ன்னு ஆரம்பிச்சா பில்லு அவங்க தலையில.

டிஸ்கி 2: இது வைத்திய ஆலோசனை இல்ல. கை முறிஞ்சா பதிவு படிக்காதீங்க, எக்ஸ்ரே எடுங்க. போற வழியில வேணா படிங்க.

டிஸ்கி 3: வேணும்னே தப்பாப் போட்ட அந்த எண்ணைத் திருத்திட்டேன். இந்தப் பதிவுல தப்பு இருந்தா அது வேணும்னு போட்டது இல்ல, சொல்லுங்க, திருத்திக்கிறேன்.